இருக்கை இருபத்திரண்டு

சேர்வரைப் புதுப்பித்துவிட்டு நான் படுத்தது இரவு இரண்டு மணிக்கு.
ஐந்தே காலுக்கு பஸ்மிலா எழுப்பினாள்:
“ராத்தா, உள்ளுக்குப் போகுது,
சீட்டைத் தொட்டாப் பச்சையாகுது,
மறுகா, நீங்க ஆரெண்டு கேக்குது.”

கல்முனை – கொழும்பு, இரவு ஒன்பதரை.
நாற்பத்தைந்து இருக்கை, ஒரே பஸ்.
அதற்கொரு இணையத்தளம், அதற்கு நான்.

நானும் போய்ப் பார்த்தேன்.
பெயர் கொடுத்தேன், கடவுச்சொல் கொடுத்தேன்.
‘வருக, றினோஸா’ என்றது.
அடுத்த பக்கத்தில் அதற்கு என்னைத் தெரியாது.

தமிழில் இதற்கு அமர்வு என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.
விடிந்ததிலிருந்து ஒருவராலும் அமர முடியவில்லை.

முதலில் கடிகாரத்தைச் சந்தேகித்தேன்.
அந்த ஐந்தரை மணி வித்தியாசம்
எத்தனை பேரைப் பொய்யராக்கியிருக்கிறது.
கடிகாரம் சரி.
பிறகு குக்கியை.
பாவம், கடைக்கு அனுப்பிய பிள்ளை
கைக்குள் பொத்திக் கொண்டுபோகிற துண்டுபோல
கொடுத்த எண்ணைக் கசங்காமல் கொண்டுவந்து நீட்டியது.
வாங்கிப் பார்த்த சேர்வர்
இப்படியோர் எண் என்னிடம் இல்லையே என்று
வேறோர் எண் கொடுத்தது.
அடுத்த சொடுக்குக்கு இன்னொன்று.
மறுகா இன்னொன்று.

பஸ்ஸை நிறுத்தி இறக்கி நடக்கவிட்ட காலத்தில்
உம்மாவின் அடையாள அட்டையை ஒருவன்
வாங்கிப் பார்த்துத் திருப்பித் தருவான்.
இருபதடி தள்ளி இன்னொருவன் வாங்குவான்.
அட்டையில் பிழை இருக்காது.
முன்னவன் எங்கேயும் எழுதிவைக்கவில்லை, அவ்வளவுதான்.

எழுதிவைக்கும் இடத்தைத் தேடிப் போனேன்.

பதிவேட்டின் அடியில், குப்பையெல்லாம் தாண்டி,
ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப:
அனுமதி மறுக்கப்பட்டது, பதின்மூன்று.
அமர்வுகளை வைக்கும் கோப்புறை
இன்னமும் பழையவன் பேரில் கிடந்தது.
புதியவன் ஒவ்வொரு முறையும் எழுத வந்து
எழுதாமல் திரும்பியிருக்கிறான்.
திரும்பி வந்து, வாய் கூசாமல்,
எல்லோருக்கும் ‘வருக’ சொல்லியிருக்கிறான்.

இதற்குள் பதினொரு மணி.
உவைஸ் ஹாஜியார் மூன்று முறை எடுத்துவிட்டார்.
“புதுசு நல்லமெண்டுதானே புள்ள மாத்தின?”
பஸ்மிலா கொப்பியில் கோடு கிழித்து
போனில் கேட்டவர்களுக்கெல்லாம்
பேனையால் இருக்கை கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கோப்புறைக்குள் பார்த்தேன்.
நேற்றிரவு பாதியில் நின்றவர்கள் அப்படியே இருந்தார்கள்.
ஏழு பேர்.
ஆறு பேர் சும்மா எட்டிப் பார்த்தவர்கள்.
ஏழாவது: ஜெயவாணி, பெரியகல்லாறு,
இருக்கை 22, ஜன்னல், பணம் வரவில்லை.

எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தொடங்குவதுதான் சுத்தம்.
விரல் அந்தக் கட்டளையை அரைவாசி எழுதியும்விட்டது.
அழித்தது அந்த அரைவாசியை.
உரிமையாளர் பெயரை மட்டும் மாற்றினேன்,
உள்ளே கிடந்தவர்களோடு சேர்த்து.

தளம் எழும்பியது.
நாலாவது நிமிடம் இருபத்திரண்டுக்குப் பணம் விழுந்தது.

“ராத்தா! இருபத்திரண்ட நான்
மருதமுனை ஆதம்பாவா காக்காக்குக் குடுத்திட்டேனே!”

ஜெயவாணிக்கு நானே எடுத்தேன்.
“ராவு பட்டன அமத்தினன், சுத்திக்கிட்டே நிண்டிச்சி.
மூடினாச் சீட்டுப் போயிருமெண்டு
போன அப்பிடியே சார்ஜில வெச்சிட்டு
பக்கத்திலயே கிடந்தன்.
விடிஞ்சும் தொடல்ல. இப்பதான் ஒருக்கா அமத்தினன்.”
மகரகமைக்குப் போகிறாளாம், காலை ஏழுக்கு நம்பர் எடுக்க.
மேற்கொண்டு நான் கேட்கவில்லை.

ஆதம்பாவா காக்காவுக்கு நாற்பத்தொன்று கிடைத்தது,
கடைசி வரிசை, எஞ்சின் சூட்டுக்கு மேலே.
பேனையால் எழுதினதுக்கு ஒரு மரியாதை இல்லையா என்று
என்னை ஏசினார்.
அவர் கேட்டதும் நியாயம்தான்.

ஒன்பதே முக்காலுக்கு பஸ் வெளிக்கிட்டது, வழமைபோல் பிந்தி.
ஹாஜியார் கேட்டார், “என்னதான் பிழ?”
ஒரு பேர், என்றேன்.
“ஒரு பேருக்கா இவ்வளவும்?”

நான் பதில் சொல்லவில்லை.
அந்தப் பழைய பேரை இன்னும் எங்கெங்கே விட்டுவைத்திருக்கிறேன் என்று
கோப்புறை கோப்புறையாய்த் தேடிக்கொண்டிருந்தேன்.
மூன்று இடத்தில் இருந்தது.